முன்வரிசையில் மெர்லின்

பள்ளி வேனிலிருந்து இறங்கிய மெர்லினின் கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருந்தன. எங்கேயாவது சுண்ணாம்புச் சுவரில் உரசிக்கொண்டு வந்திருப்பாள் என்றுதான் ரோஸ்லின் முதலில் நினைத்தாள். கிட்டே போய்க் கையைப் பிடித்துப் பார்த்தால் சாக்பீஸ். விளையாட்டில் அப்பிய சாக்பீஸ் இல்லை. விரலிடுக்கு, மணிக்கட்டு எலும்பின் மேடு, முழங்கை மடிப்பு என்று ஓர் இடம் விடாமல் பொறுமையாகத் தேய்த்து வைத்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று தாய் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னட்டி இது கோலம்? மிஸ் பாத்தா ஏச மாட்டாவளா?"

"மிஸ் நவ்வேசிந்தி" என்றாள் மெர்லின். மிஸ் சிரித்தாராம். தாய் தமிழில் கேட்டால் மகள் தெலுங்கில் சொல்லுவாள், இல்லையென்றால் இங்கிலீஷ். தமிழ் புரியும், வாயில் அரைகுறையாகத்தான் வரும். ஐதராபாத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பாதிப்பேர் அப்படித்தானே.

குழாயடியில் நிறுத்திக் கையைக் கழுவிவிடும்போது அந்தப் பிள்ளை தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளைத் தண்ணீர் ஓடி ஓடித் தெளிந்து, உள்ளேயிருந்து அதன் சொந்த நிறம் வந்தது. ரோஸ்லினின் நிறம். ரோஸ்லினுடைய அப்பாவின் நிறம். வடக்கன்குளத்துப் பனங்காட்டு வெயிலிலிருந்து, திருமுல்கேரி ராணுவப் பணிமனையில் ஸ்டோர்கீப்பர் வேலைக்கு வந்த மனுஷன் அவர். வரும்போது வேறென்ன கொண்டுவந்தார், இதைத்தான் கொண்டுவந்தார்.

"மம்மி, ஐ ஆம் எ ட்ரீ" என்றாள் மெர்லின். "ஆன்யுவல் டேக்கு. கிரீன் க்ளாத் வேணுமாம்."

ரோஸ்லின் குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடியது.

அவளும் மரமாக நின்றவள்தான். இதே பள்ளிக்கூடம், இதே மேடை. மூன்றாம் வகுப்பில் மரம், நான்கில் மரம், ஐந்தில் மரத்தோடு சேர்த்துத் திரை இழுக்கும் வேலையும். தலையிலிருந்து கால் வரை பச்சைத் துணி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. உள்ளே மூச்சு விட்டால் அந்த மூச்சே சூடாக முகத்தில் திரும்பி வந்து அடிக்கும். ஓட்டை வழியாகப் பார்த்தால் முன்வரிசை தெரியும். பட்டுப் பாவாடை, பித்தளைத் தட்டு, தட்டில் விளக்கும் பூவும். வாசலிலிருந்து மேடை வரைக்கும் சிறப்பு விருந்தினரை அழைத்துவரும் வரிசை அது. ஆண்டு விழாவுக்கு முந்தின மாதம் ஜலஜா டீச்சர் வகுப்புக்குள் வருவார். பாட்டு டீச்சர், நடனமும் அவர்தான். பெஞ்சு பெஞ்சாக நடந்துகொண்டே ஆள்காட்டி விரலை நீட்டுவார். நீ. நீ. நீ எழுந்து நில்லும்மா. விரல் ரோஸ்லினிடம் வரும்போது மட்டும் கொஞ்சம் மடங்கும், மடங்கி அடுத்த பிள்ளைக்குப் போய் நிமிரும். ஏன் என்று எவரும் கேட்டதில்லை. விரல் எங்கே நிமிரும் என்று பிள்ளைகளுக்கே முன்கூட்டித் தெரியும். வெளுத்த பிள்ளைகள் அதற்குள் பாவாடையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு தயாராக இருப்பார்கள்.

அப்படிப்பட்ட பள்ளியில் பெற்ற பிள்ளையை ஏன் சேர்த்தாள் என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் பக்கம், படித்த பள்ளி என்றால் இடமும் சுலபம். அதோடு அவளுக்கு அந்தப் பள்ளிமேல் பிரியம் உண்டு. அங்கேதான் அவள் கணக்கில் முதல் மார்க் வாங்கினாள். ஜலஜா டீச்சரேகூட, ரோஸ்லினுக்கு அம்மை போட்டிருந்தபோது குவார்ட்டர்ஸுக்கு இளநீர் வாங்கிக்கொண்டு வந்தவர். மரத்தை மட்டும் மறந்துவிட்டால் போதும், மீதியெல்லாம் நல்லதுதான் என்று இத்தனை வருஷமாக மனசைச் சமாளித்து வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்து, ஆர்க்குட்டில் பழைய மாணவர்கள் வைத்திருந்த பக்கத்தில் எழுதினாள். சமோசா விற்றவர் எங்கே, கெமிஸ்ட்ரி சார் உயிரோடு இருக்கிறாரா என்று பேசிக்கொள்ளும் பக்கம் அது. ‘நான் மரமாக நின்றேன். இப்போது என் மகளையும் மரமாக நிறுத்துகிறார்கள். இன்று அவள் கையில் சாக்பீஸ் பூசிக்கொண்டு வந்தாள்’ என்று மட்டும் எழுதினாள்.

மறுநாள் மத்தியானம் அலுவலகத்தில் திறந்து பார்த்தால் பக்கம் நிரம்பிக் கிடந்தது. வாசு எழுதியிருந்தான். விளையாட்டு சார் எட்டு வருஷமும் அவனைப் 'பொக்கு' என்றுதான் கூப்பிட்டார், தெலுங்கில் கரி. அட்டென்டன்ஸ் எடுக்கும்போதே அந்தப் பேர்தான். நஸ்ரின் எழுதியிருந்தாள், "அரவம்தானே, அதான் இந்தக் கலர்" என்று ஒரு டீச்சர் அவளுடைய டிபன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு வகுப்பையே சிரிக்க வைத்ததை. அரவம் என்றால் தெலுங்குக்காரர் வாயில் தமிழர். நாகாலாந்திலிருந்து மாற்றலில் வந்த ராணுவக்காரரின் மகள் அலெம்லா, எந்த ஊரிலிருந்தோ, ஒரே வரி எழுதியிருந்தாள். ‘நாய்க்கறி எப்படி இருக்கும் என்று என்னிடம் பாடம் நடக்கும்போதே கேட்டார்கள், நான் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் வாயே திறக்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.’ முன்வரிசையில் ஐந்து வருஷம் தட்டுப் பிடித்த சுபாஸ்ரீயும் எழுதியிருந்தாள். ‘அப்படியெல்லாம் நடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லையேப்பா.’ அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை.

ரோஸ்லினின் வேலை, அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்வது. ஒவ்வொரு நோயாளியையும் அந்த டாக்டர்கள் வயதையும் இனத்தையும் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நாற்பது வயது வெள்ளையர். அறுபது வயது கறுப்பர். தினமும் தடுமாறாமல் தட்டுகிற சொற்கள்தான். அன்றைக்குக் கறுப்பர் என்ற சொல் வரும்போதெல்லாம் விரல் ஒரு நொடி நின்று நின்று போனது.

கணவன் ஆண்டனி மாதாப்பூரிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கினதும் விஷயத்தைச் சொன்னாள். தூத்துக்குடிக்காரன். கல்யாணத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்து பத்து வருஷம் ஆகியும் இந்த ஊர் இன்னும் அவனுக்குப் பழகவில்லை.

"நீ எதுக்குப் போயி மல்லுக்கு நிக்க? நடுவுல டிசியக் கைல குடுத்துட்டாம்னா வேற எவஞ் சேத்துக்கிடுவான்?"

"பிள்ள சாக்பீஸத் தேய்ச்சிட்டு வருதுய்யா."

"நம்ம கலரு நம்ம கலருதான். எங்க ஊர்ல என்னய என்னவெல்லாம் கூப்புட்டானுவ. நான் என்ன செத்தா போனேன்?"

கல்யாணத்துக்கு ஆண்டனி வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது அவன் அக்கா "பிள்ள களையா இருக்கா" என்று சொன்னது ரோஸ்லினுக்கு நினைவு வந்தது. களை என்றால் என்ன, எதைச் சொல்லாமல் விடுவதற்காக அந்தச் சொல் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே தெரியும்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேர் போனார்கள். ரோஸ்லின், நஸ்ரின், வாசு. என்ன சொல்வது, யார் முதலில் ஆரம்பிப்பது என்று போனில் பேசிப் பேசித் தீர்மானித்து வைத்திருந்தார்கள். சண்டைக்குப் போகவில்லை, பழைய பிள்ளைகளாகத்தான் போகிறோம் என்று ஒரு பெட்டி உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டார்கள். நஸ்ரின் பல் டாக்டர், ஒருவருக்கும் பயப்படாதவள். வாசு ஒரு கம்பெனியில் ஐம்பது பேரை மேய்க்கிறவன். ரோஸ்லினுக்குத் தைரியமாகத்தான் இருந்தது.

பிரின்சிபல் வரலக்ஷ்மி மேடம் அறைக்குள் நுழைந்தார். அவ்வளவுதான். மூன்று பேரும் நாற்காலியிலிருந்து ஒன்றாக எழுந்தார்கள். எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்பு தினமும் பாடினார்களே அதே ராகத்தில், ஒரே குரலாக, "கூ…ட் மார்…னிங் மே…டம்" என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. மேடம் பூரித்துப்போனார்.

"உட்காருங்க, உட்காருங்க. ரோஸ்லின் ஆரோக்கியம், மேத்ஸ் ஃபர்ஸ்ட். நஸ்ரின், வாயாடி. இது யாரு…" மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "அரே! மன பொக்கு! நம்ம பொக்கு!"

வாசு சிரித்தான். வாய் நிறையச் சிரித்தான். "ஹவ் மேடம், ஆமா, அதே பொக்குதான். கொஞ்சம் வயிறு மட்டும் போட்டுருச்சு."

ரோஸ்லின் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் அந்தச் சிரிப்பில் சரிந்து விழுந்தன. விளையாட்டு சார் இருக்கிறாரா என்று வாசு விசாரித்தான். ரிடையர் ஆகி விஜயவாடாவில் மகனோடு இருக்கிறாராம். "பாவம், நல்ல மனுஷன் மேடம்" என்றான். ஆயா டீ கொண்டு வந்து வைத்தாள்.

நஸ்ரின்தான் பேசினாள். இங்கிலீஷில், மரியாதையாக, ஆனால் விடாமல். தட்டுப் பிடிக்கப் பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்ல முடியுமா, வெளிமாநிலத்துப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று டீச்சர்களுக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றாள். மேடம் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். இடையில் குறுக்கிடவே இல்லை. கேட்டு முடித்து, வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"நம்ம ஸ்கூல்ல கலரா? இங்க கலர் யூனிஃபார்முக்கு மட்டும்தாம்மா. எல்லாம் என் பிள்ளைங்க. உங்களைப் பாருங்க, டாக்டர், மேனேஜர். நாங்க உங்களைக் கீழ தள்ளியிருந்தா இப்படி வந்திருப்பீங்களா?"

வந்தோம் என்பதே அவர் பக்கத்துச் சாட்சியாகிவிட்டது. மேடம் ரோஸ்லின் பக்கம் திரும்பி, மேசைக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெதுவெதுப்பான, பவுடர் வாசமடித்த கை.

"உன் பொண்ணு முன்னால நிக்கணும், அதானே? இதுக்கா இவ்வளவு? ஒரு போன் பண்ணியிருந்தா நானே ஜலஜாகிட்ட சொல்லியிருப்பேனே."

"அதில்ல மேடம். எல்லாப் பிள்ளைகளும்… அவ மட்டும்னு இல்ல… அந்த, வந்து…" ரோஸ்லினுக்கு அந்தச் சொல் வரவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டுகிற சொல்தான், கறுப்பு. அதைச் சொல்லிவிட்டால் மேடம் தன் முகத்தைத்தான் பார்ப்பார், பார்த்துவிட்டு இரக்கப்படுவார் என்று கூசிப்போனாள்.

"ஆச்சு, ஆச்சு. நான் பாத்துக்கறேன்" என்றார் மேடம். மணி அடித்தது. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

வெளியே மைதானத்து ஓரம், நஸ்ரின் வாசுவைப் பிடித்துக்கொண்டாள். "கைக்கு ரே, எதுக்குச் சிரிச்சே நீ? ஆர்க்குட்ல அழுதுட்டு அங்க பல்லைக் காட்டுறே! உன்னாலதான் ஃபுல்லா போச்சு."

"சிரிக்கணும்னு சிரிக்கல."

"பின்னே?"

வாசு பைக்கில் ஏறி உட்கார்ந்தான், சாவி போடவில்லை. "எட்டு வருஷம் அந்தப் பேருக்குச் சிரிச்சிருக்கேன் நஸ்ரின். சிரிச்சாத்தான் அடுத்தவன் நிறுத்துவான். அந்த அம்மா கூப்பிட்டதும் மூஞ்சி அது பாட்டுக்குச் சிரிச்சுடுச்சு. நான் என்ன பண்ண?"

ரோஸ்லின் பையைத் திறந்தாள். அலெம்லாவின் வரியைப் படித்துக் காட்டவேண்டும் என்று தாளில் எடுத்து வைத்திருந்தாள். தாள் மடித்தபடியே இருந்தது.

அடுத்த வாரம் மெர்லின் வேனிலிருந்து குதித்து இறங்கினாள். "மம்மி! ஐ ஆம் இன் ஃப்ரன்ட்! தட்டு! ஃபர்ஸ்ட் லைன்!" வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். எவர்சில்வர் தட்டொன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கூடத்திலிருந்து சமையற்கட்டு வரைக்கும் நடந்து நடந்து பழகினாள். ஆண்டனி சந்தோஷமாக மனைவியைப் பார்த்தான். "பரவாயில்லையே, போன காரியம் முடிஞ்சிட்டே!"

"அப்போ மரம் யாருட்டி?" என்றாள் ரோஸ்லின்.

"சுஷ்மா. நியூ கேர்ள், ஃப்ரம் ராஞ்சி." தட்டு ஆடாமல் பார்த்துக்கொண்டே மெர்லின் சாதாரணமாகச் சொன்னாள். "ஷி இஸ் ப்ளாக்கர் தேன் மீ, மம்மி. அவளுக்கு க்ளாத் இல்லையாம். நம்ம க்ளாத் குடுக்கச் சொன்னாங்க மிஸ்."

அதற்குள் ரோஸ்லின் அந்தத் துணியில் இலையெல்லாம் தைத்து முடித்திருந்தாள். கோபத்தோடு ஆரம்பித்த வேலை, தைக்கத் தைக்க அழகாக வந்துவிட்டது. குடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அந்த ராஞ்சிப் பிள்ளையின் தாய் எங்கே போய்த் துணி வாங்குவாள்? புருஷன் சிப்பாயாக இருக்கும், மொழி தெரியாத ஊர். இன்னொரு தடவை மேடத்திடம் போகலாம். போனால் சுஷ்மாவையும் முன்னால் நிறுத்துவார். அப்புறம் அந்தத் துணிக்குள் இன்னொரு பிள்ளை. மரம் வேண்டாம் என்று சொல்ல எந்த அறைக்குப் போவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் கத்தரியை எடுத்தாள். கண் ஓட்டை இரண்டையும் சேர்த்து, மூக்கு, வாய், கன்னம், நெற்றி எல்லாம் வெளியே தெரியும்படி வட்டமாக வெட்டினாள். ஓரத்தை மடித்துத் தைத்து, சுற்றிலும் சின்னச் சின்ன மஞ்சள் பூ வைத்தாள். மரத்துக்கு ஒரு முகம் இருக்கட்டும். அவளால் ஆனது அவ்வளவுதான். பையில் போட்டு மெர்லினிடம் கொடுத்தனுப்பினாள்.

ஆண்டு விழா பிப்ரவரியில், மத்தியானத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஷாமியானாவுக்குக் கீழே ரோஸ்லினும் ஆண்டனியும் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேண்டு முழங்கியது. சிறப்பு விருந்தினராக ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். அவருக்கு முன்னால் பட்டுப் பாவாடை வரிசை நடந்து வந்தது. ரோஸ்லின் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். காணவில்லை. வரிசை மேடை வரைக்கும் போய்விட்டது.

"எங்க? நிப்பாட்டலையா பிள்ளைய?" என்றான் ஆண்டனி.

அப்புறம்தான் அந்தப் பாவாடையைக் கண்டாள். அரக்கில் பச்சைக் கரை, அவளே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதற்கு மேலே இருந்த முகம் வேறு யாருடையதோ. ரோஜா நிறமும் சாம்பலும் கலந்த ஒரு மாவு நிறம். கழுத்தில் ஓரிடத்தில் அது கோடு போட்டாற்போல் நின்றது. கையிலும் பூசியிருந்தார்கள். தட்டைப் பிடித்திருந்த விரல் மடிப்பில் மட்டும் விட்டுப்போயிருந்தது. அந்த முகம் சிரித்தது. எந்தப் பிள்ளையும் அப்படிச் சிரித்து ரோஸ்லின் பார்த்ததில்லை. விளக்குத் தட்டு துளிகூட ஆடவில்லை.

நாடகம் ஆரம்பித்தது. மேடை ஓரத்தில் மரம் வந்து நின்றது. ரோஸ்லின் தைத்த இலைகள் வெயிலில் பளபளத்தன. மஞ்சள் பூவும் இருந்தது. பூவுக்கு நடுவே முகத்தைக் காணோம். யாரோ உள்பக்கமாகப் பச்சைத் துணி வைத்து ஊக்குகளால் மூடியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். ஒழுங்காக, ஒரே அளவில் போட்டிருந்தார்கள். அந்த ஓட்டைகள் இரண்டும் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது ஜலஜா டீச்சர் ஓடி வந்தார். வயசாகிவிட்டது, வேர்வையில் கழுத்துப் பவுடர் திட்டுத் திட்டாகக் கரைந்திருந்தது. அந்தப் பவுடருக்கு உள்ளே அவரும் மாநிறத்துக்குக் கொஞ்சம் குறைவுதான் என்பதை ரோஸ்லின் இத்தனை வருஷத்தில் அன்றுதான் கவனித்தாள்.

"ரோஸ்லின்! பாத்தியாடி உன் கொழந்தைய? மத்தவாளுக்கெல்லாம் பவுடர் ஒரு கோட்டுதான். இவளுக்கு மூணு போட்டேன், என் கையாலயே. எப்படி ஜொலிச்சா பாத்தியோ! மேடம் சொன்னா, நீ ரொம்ப ஆசைப்பட்டேன்னு. எனக்கு அன்னிக்கே தெரியாமப் போச்சேடி. தெரிஞ்சிருந்தா உனக்கும் போட்டு விட்டிருப்பேனே."

டீச்சரின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. ரோஸ்லின் வாயைத் திறந்தாள்.

"தேங்க் யூ டீச்சர்" என்றாள்.

ஆட்டோவில் திரும்பும்போது மேற்கு வெயில் நேராக உள்ளே அடித்தது. மெர்லின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க நின்றதில் கண் சொக்கியது. வழக்கமாக ஆட்டோ ஏறினால் அம்மாவின் மடியில் விழுந்துவிடுகிற பிள்ளை.

"சாஞ்சுக்கோட்டி" என்று ரோஸ்லின் தோளைக் காட்டினாள்.

"நக்கோ மம்மி, வேணாம். பவுடர் போயிடும்."

ரோஸ்லின் முந்தானையை எடுத்து அவள் நெற்றியில் வழிந்த வேர்வையை ஒற்றப் போனாள். மெர்லின் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வெடுக்கென்று இல்லை, பதனமாக, தலையில் நிறைகுடம் இருக்கிறாற்போல. லால் பஜார் திருப்பத்தில் ஆட்டோ குலுங்கியது. பிள்ளை முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தை நட்டமாக நிமிர்த்தி, யார்மேலும் எதன்மேலும் படாமல், கண்ணைத் திறந்து வைக்கப் பாடுபட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காதோரத்திலிருந்து ஒரு சொட்டு வேர்வை மெல்ல இறங்கி, கன்னத்தில் மெல்லிசாக ஒரு கறுத்த கோடு கிழித்துக்கொண்டு வந்தது.